முயலுக்கு மேலே

மாமனார் ஒன்பதாவது முறையாகச் சாவியைத் திருப்பினார். புல்வெட்டும் வண்டி, சபையில் ஏப்பத்தை அடக்குகிறவர் போல ஒரு சத்தம் போட்டுவிட்டு அமைதியானது. பெட்ரோல் வாசனை மட்டும் கேட்டிலிருந்து கிளம்பிச் சமையலறை வரை போய் விசாரித்துவிட்டு வந்தது.

மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பத்து ஐந்து. பிறகுதான் ஞாபகம் வந்து வலது கன்னத்தைப் பிடித்துக்கொண்டான்.

"நேத்து இடது பக்கம்னீங்களே மாப்ளே?"

"பரவிடுச்சு மாமா."

பல்வலி பொய். பல் டாக்டர் நிஜம். பதினான்கு கிலோமீட்டருக்கு அப்பால் அவருக்கு ஒரு மாடி வீடு சும்மா கிடந்தது. பதினோரு மணிக்கு அவர் வெளியூர் கிளம்புகிறார். அதற்குள் கணவன், மனைவி இரண்டு பேரும் நேரில் வந்து வாடகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் சாவி. இல்லையென்றால் வரிசையில் நிற்கிற அடுத்த குடும்பத்துக்கு. வீடு பார்த்திருப்பதை மாமனாரிடம் எப்படிச் சொல்வது என்று அவனும் மனைவியும் மூன்று வாரம் ஒத்திகை பார்த்தார்கள். முதல் வரியைத் தாண்டவில்லை. கடைசியில் பல் டாக்டரிடம் போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அதில் பொய் குறைவு என்று மனைவி சமாதானம் சொன்னாள்.

வேலை மாறிய சமயத்தில் ஒரே ஒரு மாதத்துக்கு என்று மாமனார் வீட்டுக்கு வந்தவர்கள். நான்கு வருடமாகிறது. மாமனார் கொடுமைக்காரராக இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும்; சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கலாம். அவரோ குளியலறைக் கதவைத் தட்டி, "மாப்ளே, வெந்நீர் போதுமா?" என்று கேட்கிறவர். அவன் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து, அவன் விழுங்குகிற வரை தானும் விழுங்காமல் பார்த்திருப்பார். போன வாரம் இந்த வண்டியை வாங்கிவந்தார். உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி. யாரோ பெரிய பங்களாக்காரர் உபயோகித்தது. இவர்கள் தோட்டத்தில் அது இரண்டு முறை திரும்பினால் மதில் வந்துவிடும்.

இன்று காலை, மதிலுக்கு வெளியே முளைத்திருந்த ஒரு முழம் புல்லை வெட்டப்போகிறேன் என்று அவர் கிளப்ப, அது கேட்டின் இரண்டு தூண்களுக்கு நடுவில் நின்றுபோனது. கியரில் மாட்டிக்கொண்டதால் தள்ளினாலும் நகரவில்லை. சக்கரத்தை விடுவிக்கிற கம்பி பங்களாக்காரர் காலத்திலேயே ஒடிந்திருந்தது. பின்னால் கார். காருக்குள் மனைவி, கையெழுத்துப் போடுகிற பேனாவோடு.

"டாக்ஸி கூப்பிடட்டுமா மாமா?"

"சொந்தக் கார் நிக்கறப்ப டாக்ஸியா? பத்து நிமிஷம் மாப்ளே." ஒன்பது மணியிலிருந்து அதே பத்து நிமிஷம்தான்.

எதிர்வீட்டு லாரி டிரைவர் டீ டம்ளரோடு வந்து நின்றார். "ஓவர்ஃப்ளோ சார். குடிச்சது ஜாஸ்தி. ராத்திரி நான் வீட்டுக்கு வர்ற மாதிரி நிக்குது பாருங்க" என்றார். யாரும் சிரிக்காததால் உள்ளே போய்விட்டார்.

மாமனார், பெடலுக்குக் கால் சரியாக எட்டாமல் சீட்டின் நுனியில் தொங்கிக்கொண்டு பத்தாவது முறை திருப்பத் தயாரானார். அப்போதுதான் மாப்பிள்ளை அவருடைய இடது கையைக் கவனித்தான். அது ஒரு லீவரை மேலே, மேலே தள்ளியது. லீவர் ஓரத்தில் கீழே ஓர் ஆமைப் படம், அதற்கு மேல் ஒரு முயல் படம். முயலுக்கும் மேலே ஏதோ இருந்து அழிந்திருந்தது.

"அதை எங்க வைக்கிறீங்க மாமா?"

"முயலுக்கு மேல."

"முயலுக்கு மேல என்ன?"

"தெரியல. முயலை விட வேகமா ஏதாவது இருக்கும். சிறுத்தை மாதிரி."

"அது சோக் மாமா."

காற்றை அடைத்துவிட்டு பெட்ரோலை மட்டும் ஊட்டுகிற இடம். இன்ஜின் வேண்டாம் வேண்டாம் என்று இருமியும், ஒரு மணி நேரமாக ஊட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். மாப்பிள்ளைக்கு அந்த இன்ஜினோடு ரொம்ப நாள் பழகியது போல இருந்தது.

பிளக்கைக் கழற்றினான். சொட்டியது. துடைத்து வெயிலில் வைத்தான். பிளக் இல்லாமலே இரண்டு சுற்று சுற்றவிட்டு, உள்ளே தேங்கியதை வெளியே துப்ப வைத்தான். "இனிமே பத்து நிமிஷம் யாரும் எதையும் தொடக்கூடாது மாமா. அவ்ளோதான் வைத்தியம்."

அந்த வீட்டில் யாரும் எதையும் பத்து நிமிஷம் தொடாமல் இருந்ததாகச் சரித்திரம் இல்லை. மாமனார் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். மூன்றாவது நிமிஷத்தில் ஒரு கை மெல்ல வெளியே வந்தது. மாப்பிள்ளை பார்த்தான். உள்ளே போயிற்று.

"இத்துனூண்டு புல்லுக்கு எதுக்கு சார்னு வித்தவனே கேட்டான்" என்றார், முன்சக்கரத்தைப் பார்த்தபடி. "எனக்கா? என் மாப்பிள்ளை ஓட்டுவார்னேன். உங்க காலுக்குத் தோதா சீட்டைப் பின்னாடி தள்ளி வச்சுட்டேன். எனக்குத்தான் எட்டல."

மாப்பிள்ளை கன்னத்தைப் பிடித்துக்கொண்டான். இந்த முறை நடிக்க மறந்து பிடித்தான்.

பத்து முப்பத்திரண்டுக்கு பிளக்கை மாட்டினான். "இறங்குங்க மாமா, நான் பாக்கறேன்." ஏறி உட்கார்ந்தான். சீட் அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. லீவரை முயலில் நிறுத்திச் சாவியைத் திருப்பினான். இரண்டு தும்மல், ஒரு கறுப்புப் புகை, பிறகு வண்டி முழங்கியது. தூண்களைத் தாண்டித் தெருவுக்கு வந்து ஓரமாக நிறுத்தினான். மாமனார் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தார்.

கார் பக்கத்தில் வந்து நின்றது. மனைவி கண்ணாடியை இறக்கினாள். "வாங்க. பல்லு."

"இறங்காதீங்க மாப்ளே!" மாமனார் சத்தத்துக்கு மேல் கத்தினார். "இறங்கினா நின்னுடும்! சீட்ல ஆள் இருக்கணும்!"

உண்மைதான். பிரேக்கைப் பூட்டிவைக்கிற கொக்கியும் பங்களாக்காரர் காலத்திலேயே போயிருந்தது. பிரேக் பூட்டாமல் ஆள் எழுந்தால் இன்ஜின் தானாக அணைந்துவிடுகிற அமைப்பு.

"ஒரு ரவுண்டு மாப்ளே! நான் பாக்கணும்!"

மனைவி பக்கத்து இருக்கையின் கதவை மட்டும் உள்ளிருந்து திறந்துவிட்டாள்.

மாப்பிள்ளை மெதுவாக இடுப்பைத் தூக்கினான். சீட்டின் ஸ்பிரிங் ஒரு விரல்கடை உயர்ந்தது. இன்ஜின் திக்கியது. மாமனாரின் முகம் திக்கியது. அவன் கொஞ்சம் உட்கார்ந்தான். இன்ஜினுக்கு மூச்சு வந்தது. மறுபடி தூக்கினான். பாதி எழுந்து, பாதி உட்கார்ந்து, ஒரு கால் பெடலிலும் ஒரு கால் தெருவிலுமாக அவன் நிற்க, வெட்டாத ஒரு முழம் புல் புகையில் ஆடிக்கொண்டிருந்தது.