வெள்ளை மூடி

மேஸ்திரி அன்று காலை முதலில் உதைத்தது அலமாரியை; அப்புறம்தான் தம்பியை. பித்தளைச் சாமான்களுக்கு முலாம் பூசும் அந்தப் பட்டறையில் அவனுக்கு 'இடி' என்றே பட்டப்பெயர். முழங்கும், விழும், யார் தலை என்று பார்க்காது. ஒரு குழாய் கறுத்துப்போனதற்குத் தம்பியின் மூக்கில் ஒரு குத்து. சட்டை முழுக்க ரத்தம். அங்கேயே கிடங்கைப் பார்த்துக்கொண்ட அவனுடைய அக்கா, கூடப்பிறந்தவனைத் தண்ணீர்க் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். அலமாரியிலிருந்து உருண்ட ரசாயன டப்பாக்களை இடியே நிமிர்த்தி, கழன்ற மூடிகளைக் கைக்கு வந்தபடி மாட்டினான். பொடி உள்ளே பையில் கட்டியிருந்ததால் சிந்தவில்லை.

டப்பாக்களுக்குச் சீட்டு எழுதுவது அக்காவின் வேலை. சீட்டு சின்னது, பெயர் வேண்டாம், வேதியியல் வாய்பாடு மட்டும் போதும் என்று போன மாதம்தான் முதலாளி சொல்லியிருந்தார். "மேஸ்திரி, உனக்குப் படிக்க வருமா?"

"என்ன மொதலாளி இப்படிக் கேட்டுட்டீங்க? தூக்கத்துல எழுப்பினாலும் சொல்லுவேன்."

புளுகு. அவன் மூடியின் நிறத்தை வைத்தே காலம் தள்ளினான்: உப்புக்கு வெள்ளை, சயனைடுக்குச் சிவப்பு.

அக்காவுக்கோ மின்சுமைக் கணக்கு விரல்நுனியில் இருந்தது. சோடியத்துக்கு நேர்மின்சுமை ஒன்று, குளோரைடுக்கு எதிர்மின்சுமை ஒன்று. ஒன்றுக்கு ஒன்று சரியாகப் போச்சு, NaCl. கால்சியத்துக்குச் சுமை இரண்டு, அதற்கு இரண்டு குளோரைடு வேண்டும், CaCl₂. சயனைடுக்கும் சுமை ஒன்றுதான், ஆகவே NaCN. முன்பாதி உப்பைப் போலவே சாதுவாக இருக்கும். பின்பாதியில் எமன் உட்கார்ந்திருப்பான்.

ஆசிட் தொட்டியில் கொஞ்சம் உப்புப் போட்டால் பித்தளை பளபளக்கும். தம்பி மூக்கில் பஞ்சோடு தொட்டிமேல் குனிந்து சாமான்களை மாட்டிக்கொண்டிருந்தான். இடி வெள்ளை மூடி டப்பாவைக் கொண்டுவந்து, பையை அவிழ்த்து, கரண்டி நிறைய அள்ளினான். அப்போதுதான் சீட்டு அக்காவின் பக்கம் திரும்பியது. அவள் கையெழுத்துதான்: NaCN. அது ஆசிட்டில் விழுந்து புகை கிளம்பினால் தம்பி அந்த இடத்திலேயே செத்து விழுவான்.

"போடாதீங்க! அது உப்பில்ல!"

புறங்கையால் ஓர் அறை. அவள் உதடு கிழிந்தது.

"எனக்கே பாடம் எடுக்கிறியா?"

"சீட்டைப் படிங்க!"

"படிச்சுட்டுத்தாண்டி எடுத்தேன்!"

கரண்டி தொட்டியை நோக்கி நீண்டது. கையில் அடித்தால் பொடி உள்ளே விழும். அக்கா பின்னாலிருந்து அவன் காலரைப் பிடித்து, இருந்த பலத்தையெல்லாம் போட்டு இழுத்தாள். அவன் மல்லாந்து விழ, காய்ந்த தரையில் பொடி சிதறியது. எழுந்து வெறியோடு டப்பாவைப் பிடிக்கப் போனான். அவள் இரும்புக் கம்பியை எடுத்து மணிக்கட்டில் போட்டாள். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. இன்னொரு கையை நீட்டினான். முழங்காலில் ஒன்று விழுந்தது. மூன்றாவது அடி தேவையில்லை. ஆத்திரத்தில் அதையும் அடித்தாள்.

முதலாளி ஓடிவந்தார். "இவ என்னைக் கொல்லப் பாத்தா மொதலாளி! போலீஸைக் கூப்பிடுங்க!" என்று இடி ஊளையிட்டான்.

அக்கா டப்பாவை அவன் முகத்துக்கு நேரே வைத்தாள்.

"கூப்பிடட்டும். தப்பில்லாமப் படிச்சிடு, நானே ஜெயிலுக்குப் போறேன். படிடா."

அவன் சீட்டைப் பார்த்தான். முதலாளியைப் பார்த்தான். பிறகு பக்கத்தில் கிடந்த மூடியைப் பார்த்தான்.

"வெள்ளை மூடிதானே..." என்றான்.

அக்கா வாய் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு தானே படித்தாள். "சோடியம் சயனைடு."

பட்டறையே தொட்டியை விட்டு விலகி ஓடியது. தம்பியால் மட்டும் ஓட முடியவில்லை. தொட்டியடியிலேயே உட்கார்ந்துவிட்டான். அக்கா ஒரு கையால் அவனைத் தூக்கினாள். மறு கையிலிருந்த கம்பியைக் கீழே போடவில்லை.