நிழல் விழாத விளக்கு

பெயிண்டரின் மகளுக்கு வலது கை பிறந்ததிலிருந்து அசையவில்லை. அந்தக் கையின் நிழல் மட்டும் அசைந்தது. பிரசவத்தில் தோள் சிக்கிக்கொண்டதும், வெளியே இழுத்த இழுப்பில் கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் அறுந்ததும் எல்லாருக்கும் தெரியும். நிழல் விஷயம், பெயிண்டர் தன் வீட்டுச் சுவருக்கு இரண்டாம் பூச்சு அடித்த சாயங்காலம்தான் தெரிந்தது. அம்மா மடியில் குழந்தையின் கை ஈரத்துணி மாதிரி தொங்க, புதுச் சுவரில் அதன் நிழல் எழுந்து காதைச் சொறிந்துகொண்டது. பெயிண்டர் முதலில் பூச்சில்தான் ஏதோ குறை என்று நினைத்தார். தெருக்காரர்கள் வந்து பார்த்தார்கள். இரண்டு நாளில் கூட்டம் குறைந்துவிட்டது. அந்த வாரம் குழாயில் தண்ணீர் வரவில்லை, அவரவருக்கு அவரவர் கவலை.

பெயிண்டரின் அண்ணன் மட்டும் தினமும் வந்தார். ஆபீஸ் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப்பையில் பேனாக்கள் இன்னும் ஓய்வு பெறவில்லை. பல்பைத் திருப்பி வைக்கச் சொல்லி, குழந்தையின் நிழல்கை தன் நிழல் தலையைத் தடவும்படி வாகாக உட்கார்ந்துகொண்டு தீர்ப்புச் சொன்னார்: "அவசரப்படாத தம்பி. நிழல் வந்துடுச்சுல்ல, கை பின்னாடியே வந்துடும். நான் பாக்காத ஃபைலா?"

பெயிண்டருக்கு அந்தப் பேச்சு இனித்தது. ஏனென்றால் மறுபக்கம் கத்தி இருந்தது. ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்: இத்தனை மாதமாகியும் முழங்கை மடங்கவில்லை, இனித் தானாக வராது, கெண்டைக்காலிலிருந்து ஒரு நரம்பை எடுத்துக் கழுத்தில் வைத்து ஒட்ட வேண்டும், ஒட்டினாலும் கை முழுசாக வராது, தள்ளிப்போட்டால் தசை காய்ந்துவிடும், அப்புறம் நரம்பு வந்தும் பிரயோஜனமில்லை. மூன்றாம் மாடிச் சாரத்தில் நின்று விசிலடிக்கிற மனிதர் பெயிண்டர். அவர் தன் கட்டைவிரலைக் குழந்தையின் கழுத்தில் வைத்துப் பார்த்தார். விரல் போக மிச்சம் இடமே இல்லை. மயக்க மருந்து கொடுத்தால் கண் விழிக்குமா? அதைவிட, வாய்விட்டுச் சொல்ல முடியாத பயம் ஒன்று இருந்தது: கையும் வராமல், வேலை செய்துகொண்டிருக்கிற நிழலையும் சேர்த்து அறுத்துவிட்டால்? சாப்பாடு இறங்கவில்லை. போன வீடுகளில் அடித்த சுவரையே திரும்பத் திரும்ப அடித்தார்.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் ஒருநாள் தானே வந்து பார்த்தார். அவருக்குப் பின்னால் பயிற்சி டாக்டர்கள் ரயில்பெட்டி மாதிரி வருவார்கள். அவர் தொண்டையைச் செருமினால் அதையும் எழுதிக்கொள்வார்கள். அவர் குழந்தையின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு முகத்தில் ஒரு துணியைப் போட்டார். மற்ற கையில் உயிர் இருந்தால் துணியை இழுத்துப்போடும், அதுதான் பரீட்சை. வலது கை கிடந்தது கிடந்தபடி கிடந்தது. சுவரிலோ நிழல்கை எழுந்து நிழல்துணியை வீசி எறிந்தது. சுவரில் ஒரு குழந்தை முகம் திறந்து குஷியாகக் காலை உதைத்தது. மேஜையில் ஒரு குழந்தை துணிக்கடியில் திணறி அழுதது. பயிற்சி டாக்டர்கள் சுவரைப் பார்த்தார்கள், பிறகு பெரிய டாக்டரைப் பார்த்தார்கள், பிறகு சுவரைத் தாங்கள் பார்க்கவே இல்லை என்று முடிவு செய்தார்கள்.

"பாத்தீங்களா சார்! எடுத்துடுச்சு!" என்றார் அண்ணன்.

"செவுத்துல நடக்கறது என் டிபார்ட்மென்ட் இல்லீங்க," என்றார் பெரிய டாக்டர். அவர் வாழ்நாளில் பேசியதிலேயே சுருக்கமான பேச்சு அதுதான் என்பார்கள்.

பெயிண்டரின் மனைவி எழுந்துபோய்த் துணியை எடுத்தாள். "துணி இவ மூஞ்சியிலதாங்க கெடந்துச்சு," என்று புருஷனிடம் சொன்னாள். "செவுத்துல இருக்கறவளுக்கு நான் பால் குடுக்கல."

"பெரியவங்க பேசிக்கிட்டிருக்கறப்ப..." என்று அண்ணன் ஆரம்பித்தார்.

"நீங்க பேசிக்கிட்டிருங்க மாமா. நாங்க ஆபரேஷனுக்குத் தேதி கேட்டுட்டு வந்துடறோம்."

ஆபரேஷன் அன்று, பெருமை தாங்காத நர்ஸ் ஒருத்தி சொன்னாள்: "உள்ள புது விளக்கு போட்டிருக்கோம். அதுக்கடியில யாருக்கும் நிழலே விழாது." பெயிண்டர் மகளின் நிழலைத் திரும்பிப் பார்த்தார். அப்படியானால் அது எங்கே போகும்? கதவு மூடியது. அது எங்கேயும் போகவில்லை. பெஞ்சுக்குப் பக்கத்துச் சுவரில், உடம்பில்லாமல், ஒரு சின்னக் கையின் நிழல் மட்டும் நின்று துழாவியது. பட்டி பூசிச் சமப்படுத்தாத, உப்புப் பூத்த சுவர். பெயிண்டர் கையை நீட்டினார். அவர் விரலின் நிழலை அது பற்றிக்கொண்டது; பற்றிய இறுக்கம் அவர் விரலில் தெரிந்தது. அப்படியே நின்றார். தோள் கடுத்து, கை மரத்தும் இறக்கவில்லை. நடுவில் ஒரு தடவை பிடி தளர்ந்தது. மனைவி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னங்க? என்னங்க?" என்று சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அண்ணன் வாழ்க்கையில் முதல்முறையாக அபிப்பிராயம் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு பிடி மறுபடி இறுகியது. கொஞ்ச நேரத்தில் அது தானாக விட்டுவிட்டு, சுவரோடு ஊர்ந்து கதவிடுக்கில் நுழைந்துவிட்டது.

குழந்தை கட்டோடு வெளியே வந்தது, மூச்சு இருந்தது. நிழலும் இருந்தது, ஆனால் அசையவில்லை. கட்டு அவிழ்த்த பிறகு கையும் அசையவில்லை, நிழலும் அசையவில்லை. நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளரும் என்றார்கள். அந்த வருஷம் முழுக்க அந்த வீட்டில் விளக்குப் போடவே பயந்தார்கள். உள்ளதையும் கெடுத்துக்கொண்டீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. அண்ணன் மட்டும் தினமும் வந்து, அதைச் சொல்லாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

மறுவருஷம் ஒரு மத்தியானம், கொடியிலிருந்து ஒரு துண்டு நழுவிக் குழந்தையின் முகத்தில் விழுந்தது. இடது கையில் அப்பாவின் பிரஷ் இருந்தது. அதை விட அவளுக்கு மனமில்லை. வலது கை கோணலாக, நடுங்கிக்கொண்டு எழுந்து துண்டை இழுத்துப்போட்டது. சுவரில் இருந்தவள் முகத்தில் துண்டு அப்படியே கிடந்தது. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து அவளும் இழுத்துப்போட்டாள்.

இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். கை தோளுக்கு மேல் ஏறாது. நிழல் எப்போதும் சற்றுப் பிந்தித்தான் வரும். ஆபரேஷன் தன்னுடைய யோசனை என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருக்கிறார். பெயிண்டர் வேலை முடிந்து வந்ததும் இன்னும் முதலில் சுவரைத்தான் பார்க்கிறார். வகுப்பில் விடை தெரிந்து அவள் தோள் உயரத்துக்குக் கையைத் தூக்கினால், டீச்சர் சுவரை ஒரு பார்வை பார்த்து, நிழலும் தூக்கிய பிறகே கூப்பிடுகிறார்.