தலைத்துணியின் முனை

காலை ஏழரைக்கே ஷுவைக் பட்டறைத் தெருவுக்குள் அந்தக் கறுப்பு ஸ்போர்ட்ஸ் கார் நான்கு பக்க விளக்கும் மினுக்கிக்கொண்டு ஆமை வேகத்தில் ஊர்ந்து வந்தது. தன் கார் பாலிஷ் கடை வாசலில் நின்ற வஸ்மியாவுக்குத் திக்கென்றது. தம்பியின் காரை டிரைவரிடம் கொடுத்தனுப்பச் சொல்லித்தான் அம்மாவுக்குப் போன் பண்ணியிருந்தாள். ஓட்டிக்கொண்டு வந்ததோ அப்பா அபு ஜர்ராஹ்.

தரையோடு தரையாகக் கிடந்த அந்த இருக்கையிலிருந்து எழுந்து வெளியே வர அவருக்கு இரண்டு நிமிடம் ஆனது. முதலில் கைத்தடி வந்தது, பிறகு ஒரு கால், பிறகு முனகல்.

"இதெல்லாம் ஒரு காரா, யுபா? படுத்துக்கிட்டே ஓட்ட வேண்டியிருக்கு!"

அந்த வீட்டில் பிள்ளைகள் அப்பாவை அழைப்பதும் யுபா, அப்பா பிள்ளைகளை அழைப்பதும் யுபா.

"உங்கள யாரு யுபா வரச் சொன்னது? கழுவி நானே வீட்டுல விட்டுருவேன்ல?"

"விட மாட்ட. உன் தம்பி பிளேன் ரெண்டரைக்கு இறங்குது. எங்கிட்டயா வருவான்? நேரா காருகிட்டதான் வருவான். அதான் காரோட நானும் வந்துட்டேன்."

வஸ்மியாவின் பாக்கெட்டில் இருந்த போனில் தம்பி ஜர்ராஹ் அனுப்பிய செய்தி அதைத்தான் சொன்னது. 'நாலு மணிக்கு உன் கடைக்கு வரேன். வண்டிய எடுத்துக்கிட்டு சால்மியாவுல நண்பன் வீட்டுக்குப் போறேன். அப்பாகிட்ட மூச்சு விடாதே.' மூச்சு விடாமலே அப்பா மோப்பம் பிடித்துவிட்டார். பெற்றவரல்லவா!

பதினான்கு மாதம் முன்பு, ஆண்கள் கூடிப் பேசும் வீட்டு திவானியாவில் இருபது பேர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, "முப்பது வயசுல பொம்மை வாங்கியிருக்கான் என் பையன்" என்று இந்தக் காரைக் காட்டி அப்பா சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். ஜர்ராஹ் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனவன்தான். மறு வாரமே ஜெர்மனியில் வேலை என்று விமானம் ஏறிவிட்டான். அம்மாவோடு பேசுவான், அக்காவோடு பேசுவான். அப்பா போனை வாங்கினால் மட்டும் லைன் அறுந்துவிடும். இன்று அவனை வீட்டுக்குக் கூட்டிப்போக முடியாவிட்டால் இனி எப்போதும் முடியாது என்று வஸ்மியாவுக்குத் தெரியும். திரும்பிப் போக டிக்கெட்டோடுதான் வருகிறான்.

சரி, முதலில் வேலை. அப்பாவை ஏசி அறையில் உட்கார வைத்துவிட்டு, கடையில் வேலை பார்க்கும் பயூமியைக் கூப்பிட்டாள். பயூமி மன்சூரா ஊர்க்காரன். வாய் ஓயாது, ஆனால் கை சுத்தம். காரின்மேல் கையை வைக்குமுன் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி மணலையெல்லாம் இறக்கினான். நுரையடித்து ஊற விட்டான். பிறகு ஒரு வாளியில் சோப்பு, ஒரு வாளியில் வெறும் தண்ணீர் என்று வைத்துக்கொண்டு, கம்பளிக் கையுறையைத் தொட்டுத் தொட்டு, மேலிருந்து கீழாக நேர்கோட்டில் கழுவினான். இந்த ஊர்க் காற்றில் வருவது தூசி இல்லை, அரைத்த கண்ணாடி. அதைக் கழுவாமல் தேய்த்தால் பெயிண்ட் நாசம் என்பது ஷுவைக்கில் எல்லோருக்கும் தெரியும்.

துடைத்து முடித்துக் கைவிளக்கைப் பிடித்தவன், "யா சலாம்!" என்று பின்வாங்கினான். "மேடம், இங்க வாங்க. ஒப்பாரி வைக்கணும்."

வஸ்மியா கைவிளக்கை வாங்கிக் குனிந்து பார்த்தாள். பானெட், கதவு, கூரை, ஒரு இடம் பாக்கியில்லை. வெளிச்சம் பட்ட இடமெல்லாம் வட்ட வட்டமாக ஆயிரக்கணக்கான மெல்லிய கீறல். ஜர்ராஹ் போகும்போது பெயிண்ட் கண்ணாடி மாதிரி இருந்தது. அவளே பாலிஷ் போட்டு, மூன்றடுக்கு உறை போர்த்தி விட்டுவந்த கார்.

"எந்தப் படுபாவி செஞ்சான் இத?" என்றாள்.

"காஞ்ச துணியால தேச்சிருக்கான், மேடம். ஒருநாள் ரெண்டுநாள் இல்ல, மாசக்கணக்குல. அவன் கைய உடைக்கணும்."

கதவு திறந்தது. உள்ளே இருப்புக் கொள்ளாமல் அப்பா வெளியே வந்தார். கார்க் கண்ணாடியோரம் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றது. தலையில் போட்டிருந்த வெள்ளைக் குத்ராவின் முனையை விரலில் சுற்றி, அதைத் துடைத்தார். சுற்றிச் சுற்றி, அவ்வளவு பதமாக.

"வேலைக்காரங்க துணிய நான் நம்பறதில்ல, தம்பி" என்றார் பயூமியிடம். "இது நல்ல பருத்தி. தினம் விடியத் தொழுதுட்டு வந்து உறைய எடுத்துட்டு நானே துடைப்பேன். உறைக்குள்ளயே கெடந்தா புழுங்காதா?"

பயூமி வாயைத் திறந்தான். வஸ்மியா அவன் காலை மிதித்தாள்.

"தங்கமான கை, ஹாஜி" என்றான் பயூமி, வலியை விழுங்கிக்கொண்டு.

அப்பா உள்ளே போனதும் வஸ்மியாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஜர்ராஹ் லேசுப்பட்டவனா? பானெட்மேல் டீ டம்ளர் வைத்தான் என்பதற்காகப் பெரியம்மா பையனோடு இரண்டு வருஷம் பேசாமல் இருந்தவன். பொம்மை என்றார், இப்போது பொம்மையையும் பாழாக்கிவிட்டார் என்பான். சாவியைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவான். அப்பாவோ, தன் கைதான் காரணம் என்று தெரிந்தால் செத்தே போவார். இரண்டு பேருக்கும் தெரியக் கூடாது. மணி ஒன்பது.

"செராமிக் கோட்டிங் காய நேரமில்ல. பாலிஷ் போட்டு மெழுகு பூசிடலாம். நீ கூரை, நான் பானெட்" என்று ஓரங்களுக்கெல்லாம் டேப் ஒட்டினாள். பாலிஷ் மெஷின் உறுமத் தொடங்கியது. அரை அடி அரை அடியாக, விளக்கைப் பிடித்துப் பார்த்துப் பார்த்து நகர்ந்தாள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அப்பா எட்டிப் பார்த்தார்.

"கழுவ இவ்வளவு நேரமா?"

"கல்யாண மாப்பிள்ள மாதிரி இருக்க வேணாமா, யுபா? போய் உக்காருங்க."

பன்னிரண்டு மணிக்கு மெஷின் ஓட்டுநர் பக்கப் பின்சக்கரத்தின் மேல்வளைவுக்கு வந்தது. பெயிண்ட் கனம் பார்க்கும் கருவியை வைத்தாள். மற்ற இடத்தில் நூறு மைக்ரான் காட்டியது இங்கே அறுபதுக்கு இறங்கியது. போன தடவை அவளே அங்கே அதிகம் தேய்த்திருக்கிறாள். இன்னும் தொட்டால் அடி வெள்ளை தெரிந்துவிடும். தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அந்த இடத்தை அப்படியே விட்டு, கீறலை மறைக்கும் மெழுகை ஊட்டி ஊட்டிப் பூசினாள். நிழலில் தெரியவில்லை. வெயிலில் என்ன ஆகுமோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

மதியத்துக்கு இறைச்சிச் சாதமான மச்பூஸ் வந்தது. அப்பா சாதத்தைப் பிசைந்தாரே தவிர வாயில் வைக்கவில்லை.

"பேசாம மன்னிச்சிடுன்னு ஒரு வார்த்த சொல்லிட வேண்டியதுதானே, யுபா?" என்று கேட்டேவிட்டாள்.

அவர் தட்டையே பார்த்தார். "பொம்மன்னது தப்புதான். அன்னைக்கு ராத்திரியே தெரிஞ்சுது. ஆனா எனக்கு அந்த வார்த்த வர மாட்டேங்குது. அதான் துடைச்சேன். அவன் வந்து பாத்தா புரிஞ்சுக்குவான்ல?"

வஸ்மியா தட்டை நகர்த்தினாள். "புரிஞ்சுக்குவான்" என்று எழுந்து போய்விட்டாள்.

மூன்று மணிக்கு வானத்தின் ஒரு ஓரம் மஞ்சளாக மாறியது. தூசிக் காற்று வருகிறதென்று போனில் எச்சரிக்கை. கடைசி மெழுகுத் துணியை உதறும்போது நாலுக்கு ஐந்து நிமிடம். கார் கறுத்த கிணற்றுத் தண்ணீர் மாதிரி நின்றது. வாசலில் டாக்ஸி நின்றது.

ஜர்ராஹ் இளைத்திருந்தான். அக்காவைப் பார்த்துச் சிரித்தவன், அவள் பின்னால் கைத்தடியோடு நின்றவரைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான். பொதுவாகக் காற்றைப் பார்த்து ஒரு சலாம் போட்டுவிட்டுக் காருக்குப் போனான். அபு ஜர்ராஹ் பதில் சலாம் சொன்னார். அவன் காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

சுற்றி வந்தான். பானெட், கதவு, கூரை. முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. ஷட்டர் வழியாகச் சாய்வாக வெயில் விழுந்த பின்வளைவுக்கு வந்ததும் சட்டென்று குந்தினான். விரலால் தொடாமல், மூக்கு உரசும் அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தான்.

"இது என்ன?"

"எது?" என்றாள் வஸ்மியா.

"நடிக்காத. வட்ட வட்டமா கீறல். வண்டி முழுக்க இருந்திருக்கு, மத்ததெல்லாம் எடுத்துட்டு இங்க மட்டும் மெழுகப் பூசி மறைச்சிருக்க. யாரு கைய வச்சது?"

"நான்தான். அவசரத்துல காஞ்ச துணியால தேச்சுட்டேன். திட்டணும்னா என்னையத் திட்டு."

"நீயா? போய் வேற யாருகிட்டயாவது சொல்லு! உன்ன நம்பி விட்டுட்டுப் போனேன் பாரு, என்னச் சொல்லணும். சாவியக் குடு."

சாவிக்காக நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. அவள் கொடுக்கவில்லை. கொடுத்தால் சால்மியாதான். அதற்குள் வெளியே காற்று புரண்டு, திறந்திருந்த ஷட்டர் வழியாக மாவு மாதிரி மஞ்சள் தூசி உள்ளே வந்து பானெட்டில் படிந்தது.

"அடடா, தூசி விழுது பார்!" என்றார் அப்பா.

கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு முன்னால் வந்தார். குத்ராவின் முனையை விரலில் சுற்றினார். ஹா என்று ஊதி, பானெட்டைத் துடைத்தார். சுற்றிச் சுற்றி, வட்டம் வட்டமாக. பயூமி கண்ணை மூடிக்கொண்டான். ஜர்ராஹ் பாய்ந்து தடுக்கப் போனவன், அப்பாவின் கையைப் பார்த்தபடி பாதி வழியில் நின்றுவிட்டான். பின்வளைவைத் திரும்பிப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தினமும் துடைச்சேன்" என்றார் அப்பா, காரைப் பார்த்துக்கொண்டே. "ஒருநாள் விடல. காய்ச்சல் அன்னைக்குக்கூட."

"பதினாலு மாசமுமா?" ஜர்ராஹின் குரல் கரகரத்தது.

"ஆமா. நீயே பாத்துச் சொல்லு. நல்லா வச்சிருக்கேனா?"

வஸ்மியா சாவியை உள்ளங்கையில் பதியும்படி இறுக்கிக்கொண்டாள். ஜர்ராஹின் தாடை இறுகித் தளர்வதைப் பார்த்தாள். அவன் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டான்.

"நல்லா வச்சிருக்கீங்க, யுபா" என்றான். "இந்தக் கதவுலயும் கொஞ்சம் தூசி இருக்கு பாருங்க. இதையும் துடைச்சிடுங்க. வீட்டுக்குப் போலாம்."

"வந்துட்டேன், யுபா, வந்துட்டேன்" என்று கைத்தடியைக்கூட எடுக்காமல் அபு ஜர்ராஹ் கதவுப் பக்கம் ஓடினார்.