முகமூடிக்குள் மேஜர்

“உங்க வீட்டுல யாரும்மா பட்டாளத்துல இருந்தாங்க?” என்று மீட்டர் கணக்கெடுக்க வந்தவர் ஒருமுறை என்னிடம் கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். யாரும் இல்லை என்று எப்படிச் சொல்வது? சித்தப்பா லிஃப்ட் இயக்குபவர். நாள் முழுக்க மேலும் கீழும் போவாரே தவிர, முன்னால் ஓரடி வைத்தவரில்லை. பல்லியைக் கண்டால் சித்தியைக் கூப்பிடுவார். ஆனால் எங்கள் முன்னறையில் ஒரு படைக்கே ஆகும் சாமான்: இரும்புத் தொப்பிகள், நசுங்கிய தண்ணீர்க் குப்பிகள், ஒற்றைக்கால் பூட்ஸ். எல்லாம் ராணுவம் கழித்துப்போட்டு ஏலத்தில் விட்டவை என்று சித்தப்பா வாங்கிச் சேர்த்தவை.

சித்திக்குத் தையல் வேலை. அவள் மெஷின் அடுப்படி வாசலில் இடிபட்டுக் கிடந்தது. பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைப்பவள் நான். யார் பாத்திரத்தோடு வந்தாலும் எழுந்து வழிவிட வேண்டும்.

ஒருநாள் சித்தி தீர்த்துச் சொல்லிவிட்டாள். “இதுல ஒண்ணாவது அசல்னு தெரிஞ்சவங்க சொல்லட்டும், எல்லாத்தையும் வச்சுக்குங்க. இல்லேன்னா மொத்தமும் காயலான் கடைக்கு. மெஷின் முன்னறைக்கு வந்துடும்.”

“மேஜரைக் கூப்பிடுறேன்,” என்றார் சித்தப்பா. மேஜர் என்பது பட்டப்பெயர்தான். ஆள் செருப்புக் கடை வைத்திருப்பவர். ஆனால் பழைய ராணுவச் சாமான் சேர்ப்பவர்களிடையே அவர் சொன்னால் சொன்னதுதான்.

மேஜர் வந்தார். தொப்பியைத் தட்டினார். “போலி.” குப்பியை மோந்தார். “போலி.” சித்தப்பாவின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியாக அவர் உயிராய் வைத்திருந்த விஷவாயு முகமூடி. அதை மட்டும் மேஜர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நாடகத்துக்குச் செஞ்சது. பாவம், வீட்டுல இடத்தை அடைக்குது. நானே எடுத்துட்டுப் போய் வழியில போட்டுடுறேன்.”

சித்தி சாக்கு தேடப் போனாள்.

“ஒரு தடவை மாட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க சார்,” என்று சித்தப்பா கெஞ்சினார்.

மேஜர் மாட்டினார். பின்தலையில் பட்டையின் துருப்பிடித்த பக்கிள் ‘டக்’கென்று விழுந்தது. அவ்வளவுதான், அசையவில்லை. சித்தப்பா முகமூடியை இழுத்தார். மேஜரும் கூடவே வந்தார். கண்ணாடி வட்டங்களுக்குள் விழிகள் பிதுங்கின. உள்ளேயிருந்து “ஊம், ஊம்” என்ற சத்தம்தான் வந்தது.

“தள்ளுங்க. நாடகச் சாமான்தானே?” சித்தி துணி வெட்டும் கத்தரியோடு வந்தாள். “பட்டையை வெட்டினா முடிஞ்சுது.”

மேஜர் துள்ளி விலகினார். இரண்டு கைகளாலும் பட்டையைப் பொத்திக்கொண்டு மேசையைச் சுற்றி ஓடினார். காதை வெட்டக்கூட விட்டிருப்பார், பட்டையை விடவில்லை.

சித்தி நின்றாள். “என்னங்க, போலிப் பட்டைக்கா மனுஷன் இந்தப் பதறு பதறுறாரு?”

சித்தப்பாவுக்கு மெல்ல உறைத்தது. “அடேங்கப்பா! பட்டையை வெட்டினா முகமூடிக்கு மதிப்பே போயிடும். அசலா இருந்தாத்தான் இந்தக் கவலையெல்லாம்!”

“தவளை தன் வாயால கெடும்பாங்க. இது வாயை மூடிக்கிட்டும் கெட்டுது,” என்று சிரித்துச் சிரித்துச் சித்தி ஸ்டூலில் சாய்ந்துவிட்டாள். “சரி, முன்னறை உங்களுக்கே. ஆனா அந்த ஒத்தை பூட்ஸ் போயாகணும்.”

நான் மெஷின் எண்ணெயை எடுத்துவந்து பக்கிளில் விட்டேன். கொஞ்சம் ஊறியதும் ஊசியால் நெம்பினேன். கழன்றது. மேஜரின் முகத்தைச் சுற்றி ரப்பர் தடம் சிவந்திருந்தது.

“சார், அசல்தானே?” என்றார் சித்தப்பா.

மேஜர் முகமூடியைக் குழந்தையைப் படுக்கவைப்பது போல மேசையில் வைத்தார். பட்டையை ஒருமுறை நீவிவிட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.