பன்னிரண்டாவது பேர்

கட்டிடங்களுக்குச் சாரம் கட்டுகிற அந்த மனிதரை வேலையிடத்தில் ஆமென்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கேலிக்கு வைத்த பேர். அவர் அதைக் கழற்றிப் போடாமல் தொப்பி மாதிரி தலையிலேயே வைத்துக்கொண்டார்.

காலையில் எழும்போது முட்டி மடங்கினால் அதற்கு ஒரு ஸ்தோத்திரம். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் ஒன்று. கிடைக்காவிட்டால், நிற்கக் கால் இருக்கிறதே, அதற்கும் ஒன்று. இருபத்தாறு வருஷம் இரும்புக் குழாய் சுமந்ததில் ஒரு தோள் சரிந்துவிட்டது. இத்தனை உயரத்திலிருந்து ஒருநாளும் விழவில்லையே, அது தன் சாமர்த்தியம் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

வேலைக்கு ஒரு நேரம், ஜெபத்துக்கு ஒரு நேரம் என்று அவர் பிரித்து வைத்ததில்லை. சாரத்தில் ஓர் அடுக்குக்கு, குழாய்களைச் சேர்த்துப் பிடிக்கிற பன்னிரண்டு கிளாம்ப். முதல் சுற்றில் குழாய்களை நிறுத்தி, கிளாம்பைக் கையால் மட்டும் மாட்டி வைப்பார். அடுத்த சுற்றில் ஸ்பேனரோடு போய் ஒவ்வொன்றாக முறுக்குவார். ஒரு கிளாம்புக்கு ஒரு பேர். பேரைச் சொல்லி, "காத்துக்கொள்ளும் ஆண்டவரே" என்று ஒரு முறுக்கு. முதலில் மனைவி, பிறகு இரண்டு மகள்கள், மாமியார், ஐந்தாவதாக மனைவியின் தம்பி, அப்புறம் போதகர், மேஸ்திரி என்று போய், பன்னிரண்டாவது பக்கத்து வீட்டில் கால் புண்ணோடு கிடக்கிற தையல்காரர். தையல்காரருக்கு ஆமென் போட்டால் அடுக்கு முடிந்தது. தனியாக எண்ணிப் பார்க்கிற வேலையே கிடையாது.

ஐந்தாம் பேர்க்காரனும் அதே கட்டிடத்தில்தான் பெயிண்டர். அத்தான் கட்டுகிற சாரத்தில் ஏறித்தான் அவன் பெயிண்ட் அடிப்பான். கை சுத்தம், வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டில் பத்துப் பேருக்குச் சாப்பாடு. போதகரும் வந்திருந்தார். ஆமென்காரர் கண்ணை மூடி ஜெபித்தார். ஜெபத்தில் பன்னிரண்டு பேரும் வரிசையாக வந்து போனார்கள். கண்ணைத் திறந்தபோது தட்டில் ஆவி அடங்கியிருந்தது.

"அத்தான், நீங்க ஆமென் சொல்றதுக்குள்ள ஆண்டவரே திரும்பி வந்துடுவார். வந்து முதல் வேலையா சாப்பாட்டைச் சூடு பண்ணணும்" என்றான் பெயிண்டர்.

போதகரே சிரித்துவிட்டார். அதுதான் ஆமென்காரருக்குச் சுருக்கென்று தைத்தது.

"சரிப்பா, உன் பேரை எடுத்துடறேன். சீக்கிரம் முடிஞ்சிடும்."

அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள், அவரைத் தவிர.

மறுநாள் காலை மூன்றாம் அடுக்கு. நான்கு பேருக்கு ஸ்பேனர் சுற்றியது. ஐந்தாவதில் நாக்கு ஒரு நொடி தயங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு போதகருக்குத் தாவினார். தையல்காரருக்கு ஆமென் சொல்லி இறங்கினார். பத்து மணிக்குச் சாரத்தை ஒப்படைத்துவிட்டுப் பின்பக்க வேலைக்குப் போய்விட்டார்.

மத்தியானம் வழக்கம்போலச் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து வைத்து மனைவிக்குப் போன் போட்டார். அவள் துணி தேய்க்கிற கடையில் வேலை பார்க்கிறாள். இரண்டு பேரும் அந்த நேரத்தில் போனிலேயே சேர்ந்து ஜெபித்துவிட்டுத்தான் சாப்பிடுவார்கள்.

"...ஆமென்."

"என்ன, அதுக்குள்ளயா?" என்றாள் அவள். "பதினொண்ணுதான் வந்துச்சு. என் தம்பி எங்கே?"

"அவன்தானே சுருக்கச் சொன்னான்."

"இந்த வயசுல இந்த ரோஷம் தேவையா? காலையில சாரத்துலயும் இப்படித்தான் சொன்னீங்களா?"

ஆமாம் என்று சொல்லத் திறந்த வாய் அப்படியே நின்றது. பதினொரு பேர் என்றால் பதினொரு முறுக்கு. ஆமென் ஒரு கிளாம்ப் முந்திவிட்டது. தெருப்பக்க மூலையில் பலகையைத் தாங்குகிற கடைசிக் கிளாம்ப், கையால் மாட்டியதோடு நிற்கிறது. பெயிண்டர் எப்போதும் அந்த மூலையிலிருந்துதான் ஆரம்பிப்பான்.

போனைத் தூக்கின் பக்கத்திலேயே போட்டுவிட்டு ஓடினார். கட்டிடத்தைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போய்ச் சேர்வதற்குள், சொல்ல மாட்டேன் என்ற அந்தப் பேரை எத்தனை தடவை சொன்னாரோ, ஆண்டவருக்குத்தான் தெரியும்.

பெயிண்டர் கீழேதான் இருந்தான். காலி பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தான். மேஸ்திரி எதிரே நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"பாருங்க உங்க மச்சானை. காலையிலேருந்து கீழ் ஜன்னல் கம்பிக்கே மூணு தடவை அடிச்சிட்டான். மேலே ஏறுன்னா தலை சுத்துதுங்கிறான்."

ஆமென்காரருக்கு மூச்சு வாங்கியது. மைத்துனன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பெயிண்டர் செருப்பைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான். "தலையெல்லாம் சுத்தலை அத்தான். நீங்க மேலே பேர் சொல்லி முறுக்குறது தினமும் எனக்குக் கீழே கேட்கும். என் பேர் வந்தப்புறம்தான் நான் ஏணியில கை வைப்பேன். இன்னிக்கு வரலை. கால் எழும்பவே மாட்டேங்குது. இதை மேஸ்திரிகிட்ட எப்படிச் சொல்றது?"

அவர் அவன் கையை ஒருதரம் பிடித்து விட்டார். பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஏறினார். மேஸ்திரியும் பின்னாலேயே ஏறினார். மூலைக் கிளாம்பின் நட்டு சுண்டுவிரலுக்கே சுற்றியது. மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டு, கீழே தெருவைப் பார்த்தார்.

ஆமென்காரர் மைத்துனன் பேரைக் கீழே கேட்கும்படி உரக்கச் சொல்லி முறுக்கினார்.

"இனிமே ஜெபம் பண்றதோட எண்ணியும் பாருங்க. ஆண்டவர் தப்பா எடுத்துக்க மாட்டார்" என்றார் மேஸ்திரி.

"தப்பு என்னுதுதான்." அன்று சாயங்காலத்துக்குள் மூன்று அடுக்கையும் எண்ணி, கிளாம்புக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். இன்றைக்கும் போடுகிறார்.

மூலையை முறுக்கிய கையோடு மைத்துனனைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தபோது, போன் தூக்கின் பக்கத்தில் இன்னும் முனகிக்கொண்டிருந்தது. "சொல்லாம கொள்ளாம எங்கே போனீங்க? நான் இன்னும் ஒரு வாய்கூட வைக்கலை."

"உன் தம்பி பக்கத்துல இருக்கான். முதல்லேருந்து ஜெபிக்கலாம்."

"மெதுவாவே சொல்லுங்க அத்தான்" என்று பெயிண்டர் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். "எனக்கு ஒண்ணும் பசிக்கலை."

சொல்லி முடிப்பதற்குள் அவன் வயிறு உறுமியது. போனில் அக்கா சிரித்தாள். ஆமென்காரர் கண்ணை மூடினார். அன்றைக்கு ஜெபம், எழும்பாமல் நின்ற ஒரு காலுக்கு ஸ்தோத்திரம் சொல்லித் தொடங்கியது.