இடது தோளுக்கு ஒரு துப்பாக்கி

ஹில்டாவின் கணவன் வீட்டைவிட்டுப் போனபோது நாயை அவளிடமே விட்டுப் போனான். பெக் என்ற அந்தக் கிழட்டு நாய்க்குக் கோழியும் ஆகாது, மாடும் ஆகாது. எதைத் தின்றாலும் சொறி பிடித்து, ரத்தம் வரும்வரை பிறாண்டிக்கொள்ளும். முயல்கறி மட்டும் கொடுத்துப் பாருங்கள் என்றார் கால்நடை மருத்துவர். கொடுத்தாள். சொறி அடங்கியது.

வட இங்கிலாந்தின் கம்பிரியாவில் எங்கள் பள்ளத்தாக்கில் முயலுக்குக் குறைவில்லை. மேய்ச்சல் நிலமெல்லாம் வளைதான். பக்கத்துப் பண்ணைக்காரி வில்மா தன் ஏர்கன் என்ற காற்றுத் துப்பாக்கியால் முயல்களைச் சுட்டு, ஹில்டாவின் வாசலில் தொங்கவிட்டுப் போவாள். அந்த வருடம் வில்மாவின் கண்ணில் புரை விழுந்தது. அறுவை சிகிச்சைக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"இப்ப எனக்கு முயலும் கல்லும் ஒரே மாதிரிதான் தெரியுது. வயல் இருக்கு, நீயே வந்து சுட்டுக்கோடி," என்றாள்.

ஹில்டாவுக்கு அலுப்பாக இருந்தது. வீடு வீடாகப் போய், நடமாட முடியாத முதியவர்களைக் குளிப்பாட்டி உடை மாற்றிவிடுவது அவள் வேலை. தூக்கித் தூக்கி வலது தோள் போய்விட்டது. வில்மாவின் துப்பாக்கியையே வாங்கிப் பார்த்தாள். குழலை மடக்கி, உள்ளேயிருக்கும் ஸ்பிரிங்கை இறுக்க வேண்டிய வகை. பாதி மடக்குவதற்குள் தோளில் சுரீரென்றது. திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

சனிக்கிழமை இருவரும் டவுனுக்குப் போனார்கள். துப்பாக்கிக் கடைக்காரர் லெனார்ட் மேசைமேல் நான்கைந்தை எடுத்து வைத்தார். இருப்பதிலேயே பலமானதைக் கொடுக்கச் சொன்னாள் வில்மா. உரிமம் இல்லாமல் விற்கிற எல்லாவற்றுக்கும் சட்டம் ஒரே வரம்புதான் வைத்திருக்கிறது, முயலுக்கு அது போதும், பலத்தைப் பார்க்காதீர்கள் என்றார் அவர். பிறகு பேச்சு குண்டின் அளவுக்குப் போனது. பெரியதுதான் வேண்டும் என்று வில்மா அடம்பிடித்தாள். இருவரும் வாதாடிக்கொண்டிருக்க, ஹில்டா உட்கார ஒரு நாற்காலி கேட்டாள். உட்கார்ந்த பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எதுல சுட்டா முயல் துடிக்காம சாகும்?"

லெனார்ட் பெரிய குண்டு ஒன்றையும் சின்னது ஒன்றையும் மேசைமேல் வைத்தார். "தலையில பட்டா ரெண்டுலயும்தாங்க. படலைன்னா ரெண்டுலயும் துடிக்கும். சின்னது நேரா போகும், தூரக் கணக்கு கொஞ்சம் தப்பினாலும் ரொம்ப இறங்காது. புதுசா கத்துக்கறீங்கன்னா அதான் சொல்வேன்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாகத் தோளில் வைத்துப் பார்த்தாள். முன்பக்கம் கனத்தவற்றை ஒதுக்கினாள். மிச்சமிருந்தது ஒரு குட்டையான துப்பாக்கி. முன்கூட்டியே காற்றை அடைத்து வைக்கிற வகை, மடக்கி இறுக்குகிற வேலை இல்லை. அதுவும் வலது தோளில் குத்தியது. சும்மா இடது தோளுக்கு மாற்றினாள். உறுத்தவில்லை. கடைக்குப் பின்னால் குறி வைத்துச் சுட இடம் இருந்தது. இடது கண்ணால் பார்த்துச் சுட்டவை அட்டையில் நெருக்கமாக விழுந்தன.

"இடது கையா? அதுவும் காத்தடிச்ச துப்பாக்கி. முயலுக்கா, சைக்கிளுக்கா?" என்றாள் வில்மா.

"எனக்கு நல்லா இருக்கிறது இந்தத் தோள் ஒண்ணுதான்டி," என்றாள் ஹில்டா. அதையே வாங்கினாள். காற்று தீர்ந்தால் தன் சிலிண்டரிலிருந்து நிரப்பித் தருவதாக லெனார்ட் சொன்னார்.

கோடை முழுக்க வேலை முடிந்து வந்து, சீருடையோடு கொட்டகைக்குப் பின்னால் காகிதத்தைச் சுட்டாள். தூரம் கூடினால் குண்டுகள் சிதறின. எந்தத் தூரம்வரை ஒரு காசு அளவுக்குள் விழுகின்றனவோ, அதைத் தாண்டிச் சுடுவதில்லை என்று முடிவு செய்தாள். தூரத்தில் முயல்கள் மேய்வதைப் பார்த்துவிட்டுப் பல மாலைகள் வெறுங்கையோடு திரும்பினாள். அலமாரியில் மிச்சமிருந்த டப்பாக் கோழிக்கறியைத் தின்று பெக் மறுபடி பிறாண்டத் தொடங்கியது.

ஒருநாள் மூன்று பேரைத் தூக்கிக் குளிப்பாட்டிவிட்டு வந்திருந்தாள். வயல் கதவருகே பைமேல் குழலைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தவள், அப்படியே தூங்கிப்போனாள். கண் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அவள் அசையாமல் கிடந்ததில் முயல்கள் மிக அருகே வந்து மேய்ந்துகொண்டிருந்தன. மெல்லத் துப்பாக்கியின் பாதுகாப்புப் பூட்டை விலக்கி, தோளோடு சேர்த்து, பக்கத்தில் இருந்ததன் தலையில் சுட்டாள். அது அசையவே இல்லை.

எழுந்திருக்கவேண்டும் என்று தோன்றியது, எழவில்லை. சத்தம் கேட்டு வில்மா கதவைப் பிடித்தபடி வந்தாள். பட்டதா என்று கேட்டாள்.

"பட்டுச்சு. அதுக்கு முன்னால தூங்கிட்டேன்."

"பரவால்ல. தூங்குறவளைப் பாத்து எதுவும் பயப்படாது."

ஹில்டா முயலைக் கையில் எடுத்தாள். சூடாக இருந்தது. அன்று பகலில் தொட்ட எந்த உடம்பும் அவ்வளவு லேசாக இல்லை. சந்தோஷம் என்று எதுவும் வரவில்லை. துடிக்காமல் போனதில் ஒரு நிம்மதி மட்டும் இருந்தது. வில்மா சொல்லச் சொல்லக் குடலை எடுத்து, தோலை உரித்தாள்.

பெக் தட்டை நக்கித் தீர்த்துவிட்டு அடுப்பருகே படுத்துக்கொண்டது. ஹில்டா கையைக் கழுவிவிட்டு, தனக்கு என்ன சமைப்பது என்று யோசித்தாள். ஒன்றும் தோன்றவில்லை. ரொட்டியில் வெண்ணெய் தடவி நின்றபடியே தின்றாள்.