கோகிலன் இறக்காத முடி

ஐம்பத்தாறு வயதில் அப்படி ஒரு முடி எவனுக்கும் இருக்கக் கூடாது. முன்னால் மேடு, பின்னால் சரிவு, மாதத்துக்கு ஒரு தடவை மை. கோகிலன் வார நாட்களில் சரக்குக் கப்பல் அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா, சனி ஞாயிறுகளில் கல்யாண மண்டபங்களில் பாட்டுக்காரர். பாட்டு கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் முடி ஒருநாளும் போகாது என்று அவருடைய மனைவி சுபாஷினியே சொல்வாள். பினாங்கின் டத்தோ கிராமாட் வட்டாரத்தில் அவர் வீட்டைக் கண்டுபிடிக்க வீட்டு எண் தேவையில்லை, முடியைச் சொன்னால் போதும்.

அந்த முடியைத்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் நாய்க்காக முருகனுக்கு நேர்ந்துகொண்டார். நேர்ந்ததோடு சரி. முடி இன்னும் அவர் தலையில்தான் இருந்தது.

நாயின் பெயர் தவுக்கே. பினாங்கில் முதலாளியைத் தவுக்கே என்பார்கள். இவன் ஒரு சீனர் இரும்புக் கடையில் கல்லாவுக்கு அடியில் பிறந்தவன். ஆணி வாங்கப் போன கோகிலன் ஆணியை மறந்துவிட்டு இவனைத் தூக்கிக்கொண்டு வந்தார். வளர வளர வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு, கேட்டருகே உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரையெல்லாம் கடன்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தான். பெயர் தானாக ஒட்டிக்கொண்டது.

பதினோரு வயதில், பக்கத்து வீட்டு விருந்தில் கீழே விழுந்த, குச்சியில் கோத்துச் சுட்ட சாத்தே இறைச்சியை, குச்சியைக் கழற்றிவிட்டுத் தின்ன வேண்டும் என்கிற நாகரிகம் தெரியாமல், குச்சியோடு விழுங்கினான். மூன்றாம் நாள் வயிறு வீங்கிப்போய்ப் படுத்துவிட்டான். கிளினிக்கில் கொடுத்த படிவத்தில் கோகிலன், அடையாள அட்டைக்கு எழுதுகிற பழக்கத்தில், 'தவுக்கே த/பெ கோகிலன்' என்று எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து முகப்பில் இருக்கும் நூருல் என்ற பெண், மற்ற நாய்களையெல்லாம் வெறும் பெயரால் கூப்பிட்டுவிட்டு, இவனை மட்டும் தகப்பன் பேரோடு சத்தமாகக் கூப்பிடுவாள். பாலத்துக்கு அக்கரையில் செபராங் ஜெயாவில் வேலை பார்க்கும் மகள் துளசி, "எனக்கு ஒரு தம்பி இருக்கான்னு சொல்லவே இல்லியேப்பா" என்று போனிலேயே சிரித்தாள்.

டாக்டர் ரொஸ்னா பினாங்குத் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. "குச்சி குடலக் குத்தியிருக்கு அண்ணே. பாதிக்குப் பாதிதான்" என்றார்.

கோகிலன் கிளினிக் நடுவில், ஒரு பூனைக் கூண்டுக்கும் இரண்டு முயல்களுக்கும் எதிரில், கைகளைத் தலைக்கு மேல் கூப்பினார். "தண்ணிமலை முருகா! இவன் பொழச்சு வந்துட்டா வர்ற தைப்பூசத்துக்கு என் முடிய எறக்குறேன்!"

தவுக்கே பிழைத்து வந்தான். தைப்பூசமும் வந்தது.

அந்த வருஷம், தை மாதத்தில் ஐந்து கல்யாணம் ஒப்புக்கொண்டாயிற்று, மொட்டைத் தலையோடு காதல் பாட்டுப் பாடினால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்றார். மறு வருஷம் தலையில் நீர் கோத்திருக்கிறது என்றார். அதற்கடுத்த வருஷம் வெளிநாடு போகக் கடப்பிதழுக்குப் படம் எடுக்க வேண்டும் என்றார். அவர் போன மிகத் தூரமான வெளியூர் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய தாசேக் கெலுகோர், அதுவும் சித்தப்பா கருமாதிக்கு.

"ஆத்தக் கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி, அப்பறம் நீ யாரோ நான் யாரோன்னு இருக்கீங்க" என்றாள் சுபாஷினி. "சாமிக்கே அல்வா குடுக்குற ஆள நான் இப்பத்தாங்க பாக்குறேன்."

"குடுக்க மாட்டேன்னா சொன்னேன்? குடுக்குறேன்லா" என்பார் கோகிலன், கண்ணாடியைப் பார்த்துச் சீவிக்கொண்டே.

முதல் தைப்பூசம் முடிந்த நாலாம் மாதம் தவுக்கேயின் இடது கண் வீங்கி, அழுத்தம் ஏறி, கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று. கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பை மாட்டி அனுப்பினார்கள். அது கோகிலனின் பாட்டுக் குழு வைத்திருந்த ஒலிபெருக்கி போலவே இருந்தது, சத்தம் மட்டும் கம்மி. அதோடு அவன் வீட்டிலிருந்த எல்லாக் கதவிலும் முட்டினான். சுபாஷினிதான் தையலுக்கு மருந்து போட்டாள், சார்டின் மீனுக்குள் மாத்திரையை ஒளித்து வைத்தாள். அவன் சார்டினைத் தின்றுவிட்டு மாத்திரையைச் சுத்தமாக நக்கி, ஒரு மூலையில் வைத்துவிட்டுப் போவான். இரண்டு தைப்பூசம் கழிந்தபோது மூட்டு பிடித்துக்கொண்டது. அப்புறம் காது. அப்புறம் மூத்திரத்தில் ரத்தம். ஒன்று ஆறினால் இன்னொன்று வந்தது.

சுபாஷினிக்கு இதில் சந்தேகமே இல்லை. இது தெய்வக் குத்தம். மனுஷன் நேர்ந்துகொண்டு ஏமாற்றுகிறார், வாயில்லாப் பிராணி அனுபவிக்கிறது. யார் வாங்கினாலென்ன, கடனைத் தீர்த்தால் சரி. மூன்றாம் தைப்பூசமும் மொட்டையில்லாமல் போனதும் அவள் ஒரு காரியம் செய்தாள். கோகிலன் வழக்கமாக முடி திருத்தும் சிக்கந்தர் கடைக்குப் போய், அன்று காலை வெட்டிய அவருடைய முடியைக் கேட்டாள்.

சிக்கந்தர் கூட்டுமாறைக் கீழே போட்டுவிட்டார். "அக்கா, புருஷன் முடியக் கேட்டு இதுவரைக்கும் ஒரு பொம்பளயும் இங்க வந்ததில்லக்கா. செய்வினையா?"

"பரிகாரம் தம்பி. சீக்கிரம் அள்ளு."

ஒரு பிடி தேறியது, பாதி மை. அதை வெற்றிலையில் மடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, மூட்டு வலியோடு தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறினாள். குருக்கள் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "இங்க தவணையெல்லாம் வாங்கறதில்லம்மா" என்றார். அவள் கெஞ்சினாள், விளக்கினாள், ஒரு சொட்டுக் கண்ணீரும் விட்டாள். கடைசியில் அடிவாரத்தில் மொட்டையடிக்கும் இடத்தில் போட்டுவிட்டுக் கும்பிட்டுப் போகச் சொன்னார். போட்டாள், கும்பிட்டாள், வரும் வழியில் நிம்மதியாக ஒரு இளநீரும் குடித்தாள்.

இரண்டாம் நாள் தவுக்கே சமையலறையில் சரிந்து விழுந்தான். ஈறு வெள்ளைத் துணிபோல் வெளுத்திருந்தது. மண்ணீரலில் கட்டி, அது உடைந்து உள்ளே ரத்தம் கொட்டுகிறது என்றார் டாக்டர் ரொஸ்னா. உடனே உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள்.

காத்திருக்கும் நாற்காலியில் சுபாஷினியால் தாங்க முடியவில்லை. "நான் நல்லதுக்குத்தாங்க செஞ்சேன்" என்று முடிக் கதையைச் சொல்லிவிட்டாள்.

கோகிலன் எழுந்து நின்றார். முகத்தில் ரத்தமில்லை. "எவ்ளோ குடுத்த?"

"ஒரு பிடி."

"ஒரு பிடியா! அடிப்பாவி, யாரக் கேட்டுக் குடுத்த?"

"உங்க கடனத்தான..."

"அந்தக் கடன்லதான்டி அவன் உசுரோட இருக்கான்!"

நூருல் தலையைத் தூக்கிப் பார்த்தாள். கோகிலன் குரலைத் தாழ்த்தி, மூன்று வருஷமாக மனதில் வைத்திருந்ததைச் சொன்னார். "முருகனுக்கு என் முடி வரணும். வர்ற வரைக்கும் அவரு இவன விட்டு வெப்பாரு. இவன் போயிட்டா நான் எதுக்கு எறக்கணும், சொல்லு? அது அவருக்கும் தெரியும். அதான் மூணு வருஷமா இழுத்துக்கிட்டிருக்கேன். நீ என்னடான்னா போயி வரவு வெச்சுட்டு வந்திருக்க."

சுபாஷினி அவரைப் பார்த்தாள். கண்ணாடி முன்னால் கால் மணி நேரம் நிற்கிற இந்த மனுஷன் அழகுக்காக ஏமாற்றுகிறார் என்றுதான் அவள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். இப்படி ஒரு பைத்தியக்காரக் கணக்கை வைத்துக்கொண்டு முருகனிடமே சீட்டாடிக்கொண்டிருந்தார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? திட்டத்தான் வாயைத் திறந்தாள். அழுகை வந்துவிட்டது.

தவுக்கே அதிலும் பிழைத்தான். "பாத்தியா? மிச்சம் இருக்குல்ல, அதான்" என்றார் கோகிலன். அதற்குப் பிறகு சிக்கந்தர் கடைக்குப் போனால், வெட்டிய முடியை அவரே பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். சிக்கந்தர் இந்தக் குடும்பத்தைப் பற்றி நினைப்பதை நிறுத்திவிட்டார்.

ஐந்து மாதம் ஓடியது. பதினாலு வயது முடிந்தபோது தவுக்கே சாப்பிடுவதை நிறுத்தினான். அவனுக்குப் பிடித்த ரொட்டி சானாயை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். டாக்டர் ரொஸ்னா ஸ்கேன் படத்தை விளக்கில் வைத்துக் காட்டினார். கட்டி ஈரலுக்குப் போயிருந்தது.

"இன்னொரு தடவ தொறக்கலாம் அண்ணே. தொறந்தா ஒரு மாசம், மிஞ்சிப்போனா ரெண்டு மாசம். ஆனா வலியோடதான் இருப்பான். தொறக்காட்டி ஒரு வாரம். வலிக்காம அனுப்பி வெக்கவும் முடியும். யோசிச்சுச் சொல்லுங்க."

"தொறங்க" என்றார் கோகிலன். யோசிக்கவில்லை. திங்கட்கிழமைக்குத் தேதி குறித்தார்கள்.

சனிக்கிழமை காலை பசியாறிவிட்டு கோகிலன் காடிச் சாவியை எடுத்தார்; காரை அங்கே காடி என்பார்கள். பதினாலு வருஷமாக அந்தச் சாவிச் சத்தம் கேட்டால் தவுக்கே வாசல் கேட் வரைக்கும் வந்து வழியனுப்புவான். அன்றும் எழுந்தான். பின்னங்கால் மடங்கி விழுந்தான். மறுபடி முன்னங்காலை ஊன்றி எழுந்தான், மறுபடி விழுந்தான். அப்புறம் படுத்தபடியே, வர முடியாததற்கு மன்னிப்புக் கேட்பதுபோல், வாலை இரண்டு தடவை தரையில் தட்டினான்.

சுபாஷினி பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு வந்தாள். "என்னங்க, உண்மையச் சொல்லுங்க. அவனுக்காகவா அவன இழுத்துப் புடிச்சு வெச்சிருக்கீங்க? உங்களுக்காகத்தான? எனக்கும் அவன் வேணுங்க. நான்தான் அவன் பீ மூத்திரம் அள்ளுறேன், எனக்கு வேணாமா? ஆனா அவனப் பாருங்களேன்."

கோகிலன் நாயைத் தாண்டிக்கொண்டு போய்க் காடியை எடுத்தார். சாயங்காலம் கல்யாணம் ஒன்றில் பாட வேண்டும், ஒலிபெருக்கி சோதிக்கப் போகிறார் என்று அவள் நினைத்தாள். கல் நெஞ்சுக்காரன் என்றும் நினைத்தாள்.

நண்பகலில் கேட்டைத் திறந்துகொண்டு ஒரு மொட்டைத் தலை ஆள் உள்ளே வந்தார். கோயில் நன்கொடைக்கு வந்தவர் என்று நினைத்து, "அவரு வீட்ல இல்லீங்க" என்றாள் சுபாஷினி.

"நான்தான் சுபா."

அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மேடும் இல்லை, சரிவும் இல்லை. மையில்லாத மண்டை, அதில் சந்தனம், காதோரத்தில் இரண்டு கீறல். காது இவ்வளவு பெரிதா என்று நினைத்தாள். முப்பது வருஷத்தில் அவள் பார்க்காத காது.

தவுக்கேக்கு ஒரு விநாடிகூடப் பிடிக்கவில்லை. ஒற்றைக் கண்ணைத் திறந்து, மூக்கை ஆட்டி, வாலைத் தட்டினான். கோகிலன் தரையில் உட்கார்ந்து தலையைக் குனிந்தார். அவன் மெதுவாக அந்தச் சந்தனத்தை நக்கினான். நாலு நாளில் அவன் நாக்கை நீட்டியது அப்போதுதான்.

"குடுத்தாச்சுடா" என்றார் கோகிலன். "ஒரு முடி பாக்கி வெக்கல. உன்னய இனிமே யாரும் புடிச்சு வெக்க மாட்டாங்க. நீ போயிட்டு வாடா, தவுக்கே." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. தெருவில் போகிறவர்களுக்குக் கேட்கும்படி அழுதார்.

கிளினிக்குக்குப் போன் போட்டது சுபாஷினிதான். திங்கட்கிழமை அறுவை வேண்டாம், டாக்டர் வீட்டுக்கு வர முடியுமா என்று கேட்டாள். பெயர் என்ன என்றாள் நூருல், பழக்கத்தில். "தவுக்கே, த/பெ கோகிலன்" என்று சுபாஷினி முழுசாகச் சொன்னாள். நூருல் அதை அப்படியே திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டாள்.

டாக்டர் ரொஸ்னா மூன்று மணிக்கு வந்தார். துளசி பாலத்தைக் கடந்து அதற்குள் வந்துவிட்டாள். தவுக்கே கோகிலன் மடியில் தலையை வைத்துக்கொண்டு, கேட்டைப் பார்த்தபடி போனான். வலிக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் மாமரத்தடியில் குழி வெட்டினார்கள். பழைய கூம்பையும் உள்ளே வைக்கலாமா என்று துளசி கேட்டாள். வேண்டாம், அங்கேயாவது அவன் முட்டாமல் நடக்கட்டும் என்றாள் சுபாஷினி.

கல்யாணத்துக்கு வர முடியாது என்று சொல்லிவிடுங்கள் என்றாள். ஒப்புக்கொண்டதைச் செய்யாவிட்டால் நன்றாயிருக்காது என்றார் கோகிலன். இதை மூன்று வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்கலாமே என்று அவள் கேட்கவில்லை. குளித்துவிட்டு வந்தவரின் தலையைத் துவட்டிவிட்டு, அவளும் புடவை மாற்றிக்கொண்டு கூடவே போனாள்.

அன்று கோகிலன் சுதி பிசகாமல் பாடினார். ஏழு பாட்டு. சாப்பாட்டு வரிசையில் பெண்ணின் மாமா ஒருவர் தட்டோடு வந்து மண்டையை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"என்ன அண்ணே, முடியக் காணோம்? வேண்டுதலா?"

"ஆமா தம்பி."

"பலிச்சுதா?"

கோகிலன் சட்டையில் ஒட்டியிருந்த நாய் முடி ஒன்றைப் பார்த்தார். தட்டிவிடவில்லை.

"பலிச்சுது" என்றார். "கேட்டதுக்கு மேல மூணு வருஷம் குடுத்தாரு."